நேர்கோடு எடுக்கச் சொன்னாயே

சாம்பியன் ரீப்ஸ்
14-5-67

அன்புள்ள தம்பி சுந்தரராஜுக்கு,

அக்கா சாரதா ஆசியுடன் எழுதுவது. குழந்தைகள் சுகம். நானும் சுகம்தான். உன் மாமாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

மாமாவின் லாரிச் சீட்டு ஆடுவதை அளக்க, உங்கள் லாரி கம்பெனியில் அளக்கிறமாதிரியே நீ செய்து அனுப்பிய பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங்கில் தொங்கும் பென்சிலையும் காகிதச் சுருளையும் பார்த்துவிட்டு, லாரிக்கு ஜாதகம் எழுதப் போறானா உன் தம்பி என்று மாமா சிரித்தார்.

பெட்டி வருவதற்குள் அவரே ஒரு வைத்தியம் செய்திருந்தார். சுரங்க மில்லில் கழித்துப் போட்ட பெல்ட் ரப்பரை வெட்டி, மூன்று அடுக்காகச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நம் ஊரில் செருப்பிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்த ரப்பர்தானே! தார் ரோட்டில் சுகமாக இருந்ததாம். பங்காருப்பேட்டையில் மரம் ஏற்றிக்கொண்டு மண் ரோட்டில் வந்தபோது முன்பைவிட மோசமாகத் தூக்கிப்போட்டு, தலை கூரையில் இடித்துவிட்டது. அளக்காமல் ரப்பர் வைத்தால் ஆட்டம் கூடவும் கூடும் என்று நீ எழுதியதை அப்புறம்தான் நம்பினார்.

வியாழக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கோரமண்டல் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆட்டமில்லாதபோது ஒரு நேர்கோடு எடுக்கச் சொல்லியிருந்தாயே, அதை அங்கே எடுத்தோம். பெட்டியைச் சீட்டில் வைத்து காகிதம் ஓட நான் கைப்பிடியைச் சுற்றினேன். பாதிக் கோட்டில் பென்சில் துள்ளியது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஊரே அதிருமே, அதுதான். கேட்கீப்பர் ராஜப்பா வெளியே ஓடிவந்தார். சுரங்கத்து ஆட்களின் லைன் வீட்டுப் பெண்கள் எந்த ஷாஃப்ட், எந்த ஷாஃப்ட் என்று கேட்டுக்கொண்டே ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை என்று பிறகு தெரிந்தது, பயப்படாதே.

மாமா என்னைத் திட்டினார். நான் கையை ஆட்டிக் கோட்டைக் கெடுத்துவிட்டேனாம். பிறகு வெளியே பார்த்துவிட்டு, இன்னாத்துக்கு எல்லாரும் ஓடுறாங்க என்று கேட்டார்.

தம்பி, அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து, பாதத்தில் பட்ட அதிர்வை வைத்தே இது நந்திதுர்க் சுரங்கம், இது நம்முது என்று சொல்லுகிறவர். எஞ்சின் நின்ற லாரியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியவே இல்லை.

வீட்டுக்கு வந்து விடாமல் கேட்டேன். பதினோரு வருஷம் அந்தச் சீட்டில் குலுங்கிக் குலுங்கி, இடுப்புக்குக் கீழே மரத்துக்கொண்டே வந்திருக்கிறது. நாலு மாதமாக, கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் மிதிக்கிறாராம். டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும் என்று மறைத்திருக்கிறார். இனி ஓட்டவேண்டாம் என்று அழுதேன், கத்தினேன். பலனில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள். புத்தர் ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் அவர்தான் லாரி ஓட்டுவார். மேலே வெள்ளை உடுப்பில் முப்பது பிள்ளைகள், அதில் நம் வீட்டுக் கௌதமியும் இருப்பாள். முன்னால் ஜனங்கள் நடந்து போவார்கள். இறக்கத்தில் அவர் குனிந்து பார்க்கிற நேரத்தில் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. விகாரைக் கமிட்டியிடம் நான் சொன்னால் அவர் மானம் போகும், ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டார். சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

காகிதச் சுருளை இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து ரப்பர் அனுப்பாதே, நீயே வா. உன் பேச்சுக்குத்தான் அவர் அடங்குவார். ஆட்டத்தைச் சரியாக அளக்க வேண்டும் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள். ஊர்வலத்தன்று நீயே ஓட்டு. ஊருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம்.

நீ நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும், தம்பி. கம்பெனியில் லீவு தரமாட்டேன் என்றால் சண்டை போட்டாவது வா. நீ வராவிட்டால் அன்று காலை லாரிக்கு முன்னால் முதல் ஆளாக நான்தான் நிற்பேன். என் மேல் ஏற்றாமல் நிறுத்தட்டும், அப்புறம் பிள்ளைகளை ஏற்றலாம்.

உன் அக்கா
சாரதா