கிழக்கு வரப்பு

செப்டம்பர் 22

கோவிலம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வர ஒன்றரை மணி நேரம். வந்தும் என்ன? கல்லூரி விடுதிக்குப் பின்னால் நாலு பாத்தி நெல். ஆறாவது வருடமாக இதை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன். மார்ச்சோடு உதவித்தொகை நிற்கிறது. இந்த அறுவடையை விட்டால் வேறு கதி இல்லை.

நெறியாளர் தட்சிணாமூர்த்தி சார் தூரத்தில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "அடி இலை மஞ்சளா இருக்கேம்மா. யூரியா போடு."

முப்பது வருடம் பாடம் நடத்தியவர்! அடிக்கு வெயில் எட்டவில்லை. அந்த இலையின் நைட்ரஜனைப் பயிர் உருவி, வெயில் படும் மேல் இலைக்கு அனுப்புகிறது. அது நோய் இல்லை, சிக்கனம். எங்கள் துறையிலும் கீழே இருப்பவர்களை உருவித்தான் மேலே பச்சை.

செப்டம்பர் 29

மறுபடி யூரியா என்றார். தலையாட்டினேன். போடவில்லை.

அக்டோபர் 6

காலை ஒன்பதரைக்கே கண் கூசும் வெயில். இலை வண்ண அட்டையை மேல் இலையோடு சேர்த்துப் பிடித்துப் பச்சையை ஒப்பிட்டேன். நாலாம் பட்டையைவிட வெளிறியிருந்தால்தான் யூரியா. பத்து இலையும் மூன்று. அட்டை சொன்னால் கேட்பேன். போட்டேன்.

பக்கத்துப் பாத்தி மெர்வினும் அதே ரகம்தான் வைத்திருக்கிறான். கிழக்கு வரப்பில் விடுதிச் சமையலறைத் தண்ணீர் தேங்கி ஒரே சேறு. அதில் வெறுங்காலோடு நின்று அட்டை பிடிக்கிறான், ஏதோ வேண்டுதல் மாதிரி. நான் மேற்கு வரப்பில், சுத்தமாக.

"சுப்ரஜா, இந்தப் பக்கம் வந்து நின்னு பாரேன்."

என் புது ஷூ நாறுவதைப் பார்க்க அவனுக்கு ஆசை. அவன் அட்டையில் நாலு காட்டுகிறதாம். காட்டட்டும்.

அக்டோபர் 17

மறுபடி மூன்று. மறுபடி யூரியா. என் பயிர் மேலே கூரை வேய்ந்தது மாதிரி அடர்ந்துவிட்டது. அடியில் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சம்கூட இல்லை. மெர்வின் பாத்தி சோனி. பாவம்.

நவம்பர் 18

இரண்டு நாள் மழை. என் நாலு பாத்தியும் படுத்துவிட்டது. மெர்வினுடையது அப்படியே நிற்கிறது. அதே மழைதானே? ஏன்? — சுப்ரஜா, என்னடி பண்ணித் தொலைச்ச?

நவம்பர் 19

துறை வாட்ஸ்அப் குழுவில் கூடப் படிக்கும் ஷீலா போட்ட அக்டோபர் படம், நானும் மெர்வினும் அட்டை பிடிக்கும்போது எடுத்தது. மெர்வினின் கோலத்தைப் பார்த்து அன்று சிரித்தேன். இன்று பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் முதுகில் வெயில், இலை அவன் நிழலில். எதிரே நான், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. என் அட்டை பளபளக்கிறது.

உடல் நிழலில் பிடித்துப் பார்க்கவும் என்று அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. நேர் வெயிலில் இலை வெளிறித்தான் தெரியும். தேவையில்லாத யூரியா, மேலே இலை மேல் இலை, கீழே இருட்டு, தண்டில் பலம் இல்லை. ஆறு வருஷமா வெயிலைப் படிக்கிறேன். வெயில் எந்தப் பக்கம்னு பாக்கல. ஒரு ஷூவுக்காக.

நவம்பர் 21

"மழையில சாஞ்சதுன்னு எழுதிடும்மா. யாரு கேக்கப் போறா?" என்றார் சார். ஆறு வருடத்தில் அவர் எனக்குச் செய்ய வந்த முதல் உதவி. எழுதினால் மார்ச்சில் முடிந்துவிடும். நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 24

உள்ளதைச் சொல்லிவிட்டேன். "அப்போ அடுத்த வருஷம்தான்," என்றார். மார்ச்சுக்குப் பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

காலையில் கிழக்கு வரப்புக்குப் போனேன். மெர்வின் நகர்ந்து இடம் விட்டான். என் பாத்தி ஓரத்தில் சாயாமல் நின்ற ஒரே பயிரின் இலையை என் நிழலில் பிடித்தேன். ஐந்து.

"ஷூ எங்க?" என்றான்.

"மேற்கு வரப்புல."

நாற்றம் நான் நினைத்த அளவுக்கு இல்லை.