உங்கள் மருமகன் வராத காரணம்

மச்சான்,

போன வாரம் சேந்தமங்கலத்தில் பஸ் ஏறினேன். மகன் அனுப்பிய ஒயர் இல்லாத இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, நீங்கள் தினமும் கேட்பீர்களே, அந்த அமெரிக்க அரசியல் பேசுகிறவரின் வீடியோவைப் போட்டேன். சத்தம் கம்மியாக இருந்தது, கூட்டினேன். இன்னும் கூட்டினேன். காரவள்ளி தாண்டி மலை ஏறும்போது நாலாவது வளைவில் கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க, அமெரிக்க அதிபர் நம்ம பஸ்லயா வாராரு? டிக்கெட் எடுத்துட்டாருங்களா?"

காதில் இருந்தது ஊமை. போன்தான் பஸ்ஸுக்கே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. "நிறுத்தாதீங்க, எந்த நாட்டுக்காரன அடிக்கப் போறாராம்?" என்று பின்சீட்டில் ஒரு அம்மா கேட்க, பஸ்ஸே சிரித்தது. பத்தாவது ஃபெயிலானவனுக்கு வெளிநாட்டு விவகாரம் எதற்கு? பழக்கிவிட்டது நீங்கள்தானே.

மிளகுக் களத்தில் கவிழ்த்த கூடைமேல் போன் பேசும். நாம் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டே உலகத்தைத் திருத்துவோம். ஒரு மழையில் இங்கே மண் சரிந்தபோது, ஒரு சேனல் வேறு ஏதோ மலையைக் காட்டிக் கொல்லிமலை என்றது. அன்றோடு டிவியை விட்டீர்கள்.

"நம்ம மலையவே தெரியாதவன் அமெரிக்காவப் பத்திச் சொன்னா நம்பணுமா மாப்ளே?"

"போன்ல பேசறவரு மட்டும் உங்க பங்காளிங்களா?"

"அவனும் ஒரு பக்கந்தான் பேசறான். எந்தப் பக்கம்னு சொல்லிப்போட்டுப் பேசறான்ல?"

நானும் தலையாட்டிக்கொண்டே மிதித்தேன். அடுத்த நாட்டுச் சண்டைக்கெல்லாம் படை அனுப்புகிறவன் ஊட்டுக் கூரை ஒழுகும் என்பீர்கள். அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

ஒன்றில் மட்டும் இடறினேன். அதிபர் ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் மாற்றலாமா என்று கேட்டேன். நம் மலையின் குண்டூர் நாட்டில் ஊர்க்கவுண்டரே ஆனாலும், நாலு ஊர்ப் பெரியவர்கள் உட்காராமல் தீர்ப்புச் சொல்ல மாட்டாரே? சிதறிய கொத்துகளைக் காலால் கூட்டித் தள்ளிக்கொண்டே சொன்னீர்கள். "அங்கயும் உக்காருவாங்க மாப்ளே. கோர்ட்டு, சபையெல்லாம் வச்சிருக்கான். ஆனா அவிய உக்கார்றதுக்குள்ள திருடன் போயிருவான்."

அப்புறம்தான் வேலை விசாக்காரர்கள் உள்ளே வருவதை இறுக்கி அதிபரின் உத்தரவு வந்தது. "அவன் ஊடு, அவன் கதவு" என்றீர்கள். "அதானுங்களே" என்றேன் நான். அந்த ஊட்டுக்குள் அதே வேலை விசாவில்தான் என் பையன் இருக்கிறான் என்று நம் இருவருக்கும் உறைக்கவில்லை. ஒழுங்காக வரி கட்டுகிறவன். உத்தரவு வேறு யாருக்கோ என்று நினைத்தோம்.

நீங்கள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்த மூன்றாம் நாள் பையன் போன் பண்ணினான். "மாமாவைப் பாக்கணும்ப்பா. ஆனா இப்ப வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களான்னு வக்கீலுக்கே தெரியல. பாப்பா பொறந்து ரெண்டு மாசந்தான் ஆகுது. நீங்களே சொல்லுங்கப்பா" என்றான்.

மறுநாள் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"பையன் எப்ப வாரான்?"

"ஆபீஸ்ல லீவு குடுக்கலீங்க மச்சான்."

"கேட்டானா?"

"கேட்டானுங்க."

"கேக்கற மாதிரி கேட்டிருந்தா குடுத்திருப்பான். எம் மடியில உக்காந்து காது குத்துனவன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவனைப் பற்றி அப்புறம் நீங்கள் கேட்கவே இல்லை. அதிலிருந்து ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள்.

உத்தரவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "டிவிக்காரன் பேச்சக் கேட்டுட்டு வந்தியா?" என்பீர்களோ என்று பயந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால், சாகப்போகிற மனுசன் என்றும் பாராமல் நான் சண்டைக்கு நின்றிருப்பேன். என் கோபத்துக்குப் பயந்து பையன் பெயரைக் கெடுத்தேன். இப்போது அவன் போனில், "மாமா என்னைக் கேட்டாராப்பா?" என்கிறான். "கேட்டாரு சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு மழை நிலவரத்துக்குத் தாவிவிடுகிறேன்.

நான் பக்கம் மாறிவிடவில்லை மச்சான். ஒரு நாட்டுக்குக் கதவு வேண்டும், அதைப் பூட்டத் தெரிந்த தலைவனும் வேண்டும். டிவிக்காரன் பாதி சொல்கிறான் என்பதும் நிஜம்தான். நம் போன்காரரும் என் பையன் மாதிரி ஆளைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஊர்க்கவுண்டர் பக்கத்தில் நாலு பேர் உட்காருவது அவர் கையைக் கட்ட என்று நினைத்திருந்தேன். அந்தத் தீர்ப்பு எந்த ஊட்டில் போய் இடிக்கும் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கும், அதற்காகத்தான் போல.

சுவரைப் பார்த்திருந்த உங்கள் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று அங்கே சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

லீவு கிடைச்சுதுங்க மச்சான், ஒரு மாசம். வரட்டுமான்னு கேட்டான். உங்க தங்கச்சியக்கூடக் கேக்காம, வராத கண்ணுன்னு சொன்னவன் நாந்தானுங்க.