எல்லா முள்ளும் இடதுபக்கம்

மதுக்கரை
26.1.1997, ஞாயிறு

அன்புள்ள கவின் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம், அப்பா சௌக்கியம், சைக்கிளும் சௌக்கியம். பூனாக் குளிரில் உனக்குப் பிடித்த சளி விட்டதா, இருமல் நின்றதா என்று முதலில் எழுது. உன்னுடைய இரண்டு கடிதமும் கிடைத்தன. இரண்டிலும், தினமும் இப்படிக் கஷ்டப்பட்டுப் போக வேண்டாம், வேலையை விட்டுவிடு அம்மா, நான்தான் சம்பாதிக்கிறேனே என்று எழுதியிருந்தாய். பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தெரியாதபோது உனக்கு என்ன எழுதுவது? நேற்று மத்தியானம்தான் தெரிந்தது. நல்ல சேதிதான், பயப்படாமல் படி. காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு வந்து, அப்பாவுக்குச் சோறு போட்டு இரண்டாவது ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், அதனால் நீளமாக வரும்.

இந்த வேலைக்காக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பத்து வருஷம் காத்திருந்தேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தபோது என் பாடப்புத்தகத்தின் மேலேயே நீ தூங்கியிருக்கிறாய். வருகிற ஜூனில் எனக்கு இரண்டு வருஷம் முடிகிறது. தகுதிகாண் பருவத்தைத் திருப்தியாக முடித்தேன் என்று தலைமையாசிரியரும் மாவட்டக் கல்வி அலுவலரும் எழுதினால்தான் வேலை நிரந்தரம். அதில் மண் விழுந்துவிடும் போலத்தான் இருந்தது. வேலம்பதிக்கு முதல் பஸ்ஸே பத்து மணிக்குத்தான், பள்ளிக்கூடமோ ஒன்பதேகாலுக்கு. ஏழு கிலோமீட்டரும் சைக்கிள்தான். வழி நெடுகத் தோட்டத்து வேலி, வேலி முழுக்க வேலாமுள். வாரத்துக்கு ஒரு பஞ்சர், சில வாரம் இரண்டு. டயர் இறங்கிவிட்டால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவேன். அங்கே போய்ச் சேரும்போது பிரார்த்தனை முடிந்திருக்கும், பிள்ளைகள் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்.

தலைமையாசிரியர் சுந்தரராஜுலு கெட்டவர் இல்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் நேரத்தைக் குறிக்காமல் விடமாட்டார். மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்புப் போகும். தீபாவளி கழிந்து ஒன்பதாவது தடவை போனபோது விளக்கம் கேட்டு மெமோவே கொடுத்துவிட்டார். நானும் சைக்கிள் பஞ்சர் என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஏனுங் டீச்சர், போன தடவையும் இதுதான், அதுக்கு முந்தியும் இதுதான். புதுசா ஏதாச்சும் எழுதுங்க, படிக்கறவங்களுக்குச் சலிச்சுப்போகுமுங்க" என்றார். அதன்பிறகு கொஞ்சம் இறங்கி, "நான் உங்களை நம்பறேனுங்க. ஆனா இந்த நோட்டு நம்போணுமில்லீங்களா. ஜனவரி இருபத்திரண்டு ஆண்டாய்வு. மாவட்டக் கல்வி அலுவலர் பிரார்த்தனைக்கே வந்து நிப்பாங்க. அன்னிக்கும் நீங்க தள்ளிக்கிட்டு வந்தீங்கன்னா, திருப்தின்னு எழுத என் கை வராதுங்க" என்று சொல்லிவிட்டார். எழுதாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பார்களாம். அப்புறமும் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதற்காக யாகூப் கடையில் செய்யாத வைத்தியமில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே, நீ பாலிடெக்னிக் போனபோது உன் செயினை மாற்றிக் கொடுத்தவர், அவர்தான். பழைய டியூப்பை நீளவாக்கில் கிழித்து டயருக்குள் மெத்தை மாதிரி வைத்துக் கொடுத்தார், அதையும் மீறி முள் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் நீ அங்கிருந்து வாங்கி அனுப்பிய டயர்கள் வந்தன. உன்கூட வேலை பார்க்கும் யூனுஸ் தம்பி பொங்கல் லீவுக்கு ஈரோட்டுக்கு வந்தவன், அங்கே இறங்காமல் நம் வீடுவரை வந்து கொடுத்துவிட்டுப் போனான். ரயிலில் கூட்டமாம், வைக்க இடமில்லாமல் இரண்டு டயரையும் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டே வந்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவர்கள், "என்னப்பா மாப்பிள்ளை, பொண்ணு எந்த ஸ்டேஷன்ல ஏறுது?" என்று கேட்டே ஓட்டிவிட்டார்களாம். பாவம், இங்கே சொல்லும்போதுகூட அவன் முகம் சிவந்துவிட்டது. நல்ல பிள்ளை, உனக்கு இப்படி ஒரு சிநேகிதன் இருப்பது எனக்கு ஆறுதல்.

டயரைப் பார்த்ததும் யாகூப் அழுத்திப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். நடுவில் தனியாக ஒரு பட்டை கெட்டி ரப்பர் இருக்கிறது, இதில் ஆணி ஏறுவதே கஷ்டம் என்றார். "இனிமே உங்க முகத்தைப் பாக்கறதுக்கே எனக்குக் கொடுத்துவெக்காது போலிருக்குதுங்க டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டே மாட்டிக் கொடுத்தார். பொங்கல் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது, அன்றைக்கே, உன் புது டயரிலேயே, முன்சக்கரம் பஞ்சர். ஆண்டாய்வுக்கு இடையில் ஒரே ஒரு நாள் இருக்கிறது. பத்தாவது சிவப்புக் குறி. கவின், அன்றைக்கு வழியில் நின்று கொஞ்சநேரம் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். பூனாவிலிருந்து நீ வாங்கி அனுப்பிய டயருமே இப்படி என்றால் எனக்கு இந்த வேலை விதித்ததில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் யாகூப் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் டயரைக் கழற்றி, குத்தூசியால் ஒவ்வொரு முள்ளாக நெம்பி எடுத்துத் தகர மூடியில் போட்டார். நடுப்பட்டையில் பதினோரு முள் இருந்தது, ஒன்றுகூட உள்ளே போகவில்லை, எல்லாம் மேலேயே முறிந்து நின்றுவிட்டது. டியூப்பைத் தொட்டது ஒரே ஒரு முள்தான். அது டயரின் நெஞ்சில் ஏறவில்லை, இடதுபக்கத்து விலாவில் ஏறியிருந்தது. விலாப்பக்கம் எந்த டயருக்கும் மெலிசுதானாம். எனக்கு என்னவோ தோன்றியது. என் பழைய டியூப்பை எடுங்கள் என்றேன். புது டயர் மாட்டியபோது கழற்றி ஆணியில் தொங்கவிட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தார். இருபது ஒட்டாவது இருக்கும். காற்றடிக்கிற வால் டியூப்பை மேலே வைத்து, சக்கரத்தில் இருந்த மாதிரியே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஒட்டாகத் திருப்பிப் பார்த்தேன். முக்கால்வாசி ஒட்டு இடதுபக்கத்து விலாவில்தான் இருந்தது. வலதுபக்கம் ஒன்றுகூட இல்லை. யாகூப் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங் டீச்சரம்மா, நீங்க ரோட்டுல ஓட்டறீங்களா, வேலி மேல ஓட்டறீங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் வேலியில் ஓட்டவில்லை, வேலியில் நிற்கிறேன். பின்னால் பஸ்ஸோ லாரியோ ஹார்ன் அடித்தால் அரை பர்லாங் தூரத்தில் வரும்போதே நான் இறங்கிவிடுவேன். தாரிலிருந்து மண்ணுக்கு இறங்கி, சைக்கிளை வேலியோடு வேலியாக ஒட்டி நிறுத்தி, அவர்கள் போகும்வரை நின்றுவிட்டுத்தான் ஏறுவேன். முன்சக்கரத்தின் இடதுபக்கம் முள்ளில் போய் உட்காரும், திரும்பக் கிளம்பும்போது முள்ளோடு வரும். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது இப்படி. எதிரில் ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிடுவது பிறந்த வீட்டுப் பழக்கம், ஹார்ன் அடித்தால் யாரோ என்னைக் கோபமாகக் கூப்பிடுகிற மாதிரி மனசு பதறிவிடும். அது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். இதை யாகூப்பிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு அவர் சொன்னதுதான் உபயோகமானது. "நீங்க எப்ப எறங்குவீங்க, எப்பச் சாய்வீங்கன்னு தெரியாமத்தான் டிரைவர் பயந்து இன்னும் ஹார்னை அடிக்கறானுங்க. தார் ஓரத்துல இருந்து ஒரு முழம் உள்ள, ஆடாம நேரா போனீங்கன்னா அவன்பாட்டுக்குச் சுத்திக்கிட்டுப் போயிருவானுங்க. பால்காரங்க போறாங்களே, ரெண்டு கேனைக் கட்டிக்கிட்டு, என்னிக்காச்சும் எறங்கி நின்னு பாத்திருக்கீங்களா?" என்றார். பார்த்ததில்லை. தினம் பார்க்கிறேன், இதைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே. "ஏனம்மணி, பஸ் டிரைவர் என்ன உனக்கு மாமனா, மச்சானா, எறங்கி எறங்கிக் கும்புட்டுக்கிட்டு நிக்கறே? கட்டுன புருஷன் இருபத்திரண்டு வருஷமா ஹார்ன் அடிக்கறேன், எனக்கு ஒரு நாளும் வழி உட்டதில்லையே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில், முதல் நாள் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்த மனுஷன், தூங்காமல் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வேலம்பதி வரைக்கும் வந்தார். ஹார்ன் கேட்கும்போதெல்லாம் பின்னாலிருந்து, "எறங்காத, எறங்காத, நேராப் போ" என்று கத்தினார். முதல் மூன்று வண்டிக்கும் இறங்கிவிட்டேன். நாலாவது, பாதி வழியில் வேறு ஊருக்குத் திரும்புகிற ஒரு டவுன் பஸ். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, மூடாமல் போனேன். அது வலதுபக்கம் ஒதுங்கித் தன்பாட்டுக்குப் போய்விட்டது. காற்று மட்டும் புடவையில் அடித்தது. அவ்வளவுதானா என்று இருந்தது.

புதன்கிழமை, ஆண்டாய்வு அன்று, அப்பாவுக்குக் காலை ஷிப்டு. தனியாகத்தான் போனேன். வழியில் அந்தக் குறுகல் பாலம் இருக்கிறதே, அதன் நடுவில் போகும்போது பின்னால் ஒரு ஜல்லி லாரி வந்துவிட்டது. விடாமல் ஹார்ன். இறங்கினாலும் அங்கே நிற்க இடமில்லை, கைப்பிடிச் சுவர்தான். வலது கையைப் பின்பக்கம் விரித்து, பொறுங்கள் என்று காட்டினேன். சக்கரம் ஆடவில்லை. லாரி வேகத்தைக் குறைத்துக்கொண்டு என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பாலம் தாண்டி ரோடு அகன்றதும் என்னைக் கடந்து, டிரைவர் இந்தப்பக்கத்து ஜன்னலுக்குச் சாய்ந்து, "ஏனுங்கக்கா, ரோட்டையே பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்றே தெரியவில்லை. "பாதிதானுங்க, மீதி உங்களுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டுப் போனார். கவின், வழியில் போகிற ஆளிடம் நான் திருப்பிப் பேசியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்துக்கு ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய்விட்டேன். அலுவலர் அம்மா ஒன்பதே பத்துக்கு வந்தார்கள். என் எட்டாம் வகுப்பில் இருபது நிமிஷம் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். மத்தியானம் கூப்பிட்டனுப்பி, பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, இது என்ன இத்தனை சிவப்பு என்று கேட்டார்கள். பஞ்சர் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நின்று, பஸ்ஸுக்கு இறங்கி நின்றது, முள் இடதுபக்கமாக ஏறியது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "இப்ப எறங்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். இல்லீங்கம்மா என்றேன். போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு சேதியும் இல்லை. நேற்று சனிக்கிழமை அரைநாள். மத்தியானம் மணி அடித்ததும் சுந்தரராஜுலு சார் கூப்பிட்டு, ஆய்வறிக்கையின் நகலை என் பக்கம் தள்ளினார். கற்பித்தல் நன்று, தாமதத்துக்கான காரணம் சரி செய்யப்பட்டுள்ளது, தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடிக்கப் பரிந்துரைக்கலாம். அதன் கீழேயே அவருடைய கையெழுத்தும் இருந்தது. "படிச்சாச்சுங்களா? அப்பறம் ஏனுங் நின்னுக்கிட்டே இருக்கீங்க, ஊட்டுக்குப் போயிச் சொல்லுங்க" என்றார். வரும்போது சைக்கிள் தானாகவே ஓடிய மாதிரி இருந்தது.

உன் டயரை வீண் என்று நினைத்துவிடாதே. அந்தப் பதினோரு முள்ளையும் தாங்கியது அதுதான், அது இல்லாவிட்டால் செவ்வாயும் புதனும் என்ன ஆகியிருக்குமோ. நீயும் அங்கே கம்பெனிக்குச் சைக்கிளில்தான் போகிறாய். நேராகப் போ, திரும்பும் முன் கையைக் காட்டு, இருட்டினால் டைனமோ எரிகிறதா என்று பார். அதற்காக, இடம் இருக்கிறதே என்று ரோட்டின் நடுவில் போகாதே. பாலிடெக்னிக் நாளில் மேட்டில் லாரிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போவாயாமே, யாகூப் இப்போதுதான் சொன்னார், அதை அங்கே செய்தாய் என்று கேள்விப்பட்டால் நானே ரயிலேறி வந்து உதைப்பேன். யூனுஸ் லீவு முடிந்து திரும்பும்போது சென்னிமலைப் போர்வை ஒன்றும், எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். போர்வையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போர்த்திக்கொள், உருண்டையை அவனுக்கும் கொடு. தலைக்கு எண்ணெய் தேய்த்தால் உடனே குளி, ஊறவைத்துக்கொண்டு படிக்க உட்காராதே. வேளைக்குச் சாப்பிடு. வேலையை விட்டுவிடு என்று அக்கறையில்தான் எழுதினாய், எனக்குப் புரிகிறது. ஆனால் இனி அப்படி எழுதாதே கண்ணு. நாளைக்கு நான் எட்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு, அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். சளி எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டாவது உடனே போடு. பெயருக்குப் பின்னால் இதையெல்லாம் எழுத எனக்கு இத்தனை வருஷம் கூச்சமாகவே இருந்தது. இன்றைக்கு எழுதுகிறேன், சிரிக்காதே.

உன் அம்மா,
தி. சென்னியம்மாள், பி.ஏ., பி.எட்.,
பட்டதாரி ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, வேலம்பதி.