ஐந்தாவது கோப்பை

அன்பு அண்ணே,

மொன்ட்ரியாலில் இருந்து உன் தங்கச்சி எழுதுகிறேன். வில்லரே பகுதியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஆட்களோடு பழகிப் பழகி எனக்கும் ‘ஆமா’ போய் ‘ஓம்’ என்றுதான் வாயில் வருகிறது. நீ இருந்தால் ஒரு வாரத்துக்குக் கேலி செய்வாய். இங்கே கேலி செய்யவும் ஆள் இல்லை; மலையில் நம் தேயிலைத் தோட்டம் எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

போன வாரம் ஒருவர் கிடைத்தார். டெபனர் என்கிற மூலைக் கடையில் பால் வாங்கப் போனேன். கல்லாவில் புதிதாக நின்றவர் ஊர் கேட்டார், சொன்னேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். யார் தெரியுமா? யோகன். டவுன் கடையில் வேலை பார்த்த உன் கூட்டாளி. யாழ்ப்பாணத்துப் பையன்களையெல்லாம் ஆமி பிடித்த நாட்களில், நம் லயத்து வீட்டில் விறகுக்குப் பின்னால் நீ ஒளித்துவைத்தாயே, அவர்தான்.

“உங்கட அண்ணையில எனக்குக் கோபம் இல்லை, தங்கச்சி. பயத்திலதானே என்னைக் காட்டிக் குடுத்தவர்” என்றார்.

பாலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அன்றைக்குச் சோதனைக்கு வந்த ஆமிக்காரர்களுக்குச் சாயத்தண்ணி, பால் இல்லாத தேத்தண்ணி, கொடுக்கச் சொன்னார் அம்மா. வந்தவர்களுக்கு ஊற்றினால் வீட்டு ஆட்களுக்கும் ஊற்றுவதுதானே நம் வழக்கம். எட்டு வயது எனக்கு. அப்பா, அம்மா, நீ, நான், யோகன் என்று எண்ணி ஐந்து கோப்பை வைத்தேன். அவர்கள் கையில் இருந்த பட்டியலில் நம் வீட்டுக்கு நாலே பேர்.

நீ சிரித்துக்கொண்டே சிங்களத்தில், இரண்டும் எனக்குத்தான் என்று சொல்லி, கொதிக்கக் கொதிக்க இரண்டையும் குடித்தாய். வாய் வெந்திருக்கும். விறகுக்குப் பின்னால் இருந்தவருக்குச் சிங்களம் தெரியாது. உன் குரல் கேட்டது, உடனே அவர்கள் விறகைக் கலைத்தார்கள். அவர் வேறென்ன நினைப்பார்?

உன்னையும் வேறொரு லொறியில் ஏற்றியதோ, நீ பெட்டியில் திரும்பி வந்ததோ அவருக்குத் தெரியாது. நான் வைத்த கோப்பையைப் பற்றி அம்மா சாகும்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தாரா அண்ணே?

நேற்று மறுபடி போய் அவரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். “ஓம், வாறன்” என்றார். நம் தோட்டம் தெரிந்த ஒரே ஆள். உண்மையைச் சொன்னபின் அவர் எழுந்து போய்விடலாம். அப்புறம் எனக்கு யாரும் இல்லை.

இருந்தாலும் சொல்லுவேன். நீ அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, கோப்பை வைத்தது நான் என்று சொல்லுவேன். இத்தனை வருடம் என் பழியையும் சேர்த்து நீயே குடித்தது போதும்.

உன் தங்கச்சி,
செல்வி