பத்துக் கோப்பைக்கு மேல் நிற்கும் இடம்

அண்ணா,

அம்மா புது ரைஸ் குக்கர் வாங்கியிருக்கிறார். இன்று காலை பெட்டியைப் பிரித்தபோது உள்ளே அரிசி அளக்கும் அந்தக் கோப்பை கிடந்தது. தெளிந்த பிளாஸ்டிக், பக்கத்தில் 180 என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பிள்ளை, விறைச்சுப்போய் நிக்கிறாய்?" என்றார் அம்மா.

கோப்பையைக் கழுவித் துடைத்து ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன். இன்று பத்து மணிக்கு எங்கள் சுஷிக் கடைச் சமையலறைக்கு உணவுப் பரிசோதகர் வருகிறார். போன வாரம் எங்கள் சோற்றைச் சாப்பிட்டு வயிற்றோட்டத்தில் படுத்தவர்களைப் பற்றி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பாராம். முதலாளி தன் பதிலை முன்கூட்டியே தயார் செய்து எல்லோருக்கும் ஒப்புவித்துவிட்டார். தவறு உங்களுடையதாம். நீங்கள் சொல்லிவைத்துவிட்டுப் போன அளவுதான் காரணமாம். நீங்கள் இறந்து நாலு மாதம்.

அரிசி அளந்த அந்த மரப்பெட்டி இருந்தவரை இந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. கடையில் முன்பு வேலை செய்த ஜப்பான்காரர் விட்டுப்போன சதுரப் பெட்டி. ஈரமானால் தேவதாரு மணம் வரும். ஜப்பான் கணக்கில் குக்கர் கோப்பை ஒன்று ஒரு 'கோ', பத்து கோ ஒரு 'ஷோ', பெட்டி நிறைய ஒரு ஷோ. அதற்கு ஒன்றரைக் கோப்பை வினிகர். அந்தப் புளிப்புத்தான் ஆறிய சோற்றை மத்தியானம் முழுக்கக் கெடாமல் காக்கும்.

இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த முதல் வாரம் கோப்பையைக் கையில் உருட்டிப் பார்த்தீர்கள். "அட, இது எங்க ஊரு ஆழாக்கு! அப்ப இந்தப் பெட்டி படி." எட்டு ஆழாக்கு ஒரு படி என்று உங்கள் கைக்குப் பழக்கம். நெருக்கடியில் பெட்டியைத் தேடாமல் கோப்பையால் எட்டே எட்டுப் போட்டு, பெட்டிக்குரிய வினிகரை ஊற்றிவிட்டீர்கள். சோறு பல் கூசுகிற புளிப்பு. முதலாளி துப்பினார்.

"இதை எங்கட வீட்டிலை சுண்டு எண்டு சொல்லுவம். நல்லகாலம் நான் அளக்கேல்லை," என்றேன்.

"சுண்டா? அது என்னம்மா, எலி பேரு மாதிரி இருக்கு?"

"உங்கட ஆழாக்கு மட்டும் என்ன, ஆள் பேரோ?"

சிரித்தோம். அடுத்த நாளிலிருந்து நீங்கள் ஒருமுறையும் பிசகவில்லை. அந்த ஒரு நாள் புளிப்பைத்தான் முதலாளி இப்போது தூக்கிப் பிடிக்கிறார். "அவனுக்கு எப்போதும் இந்திய அளவில் குழப்பம். எல்லோருக்கும் தெரியும்." ஆட்களுக்கு வயிறு கெட்டது புளிப்புக் குறைந்த சோற்றால். உங்கள் பிழை புளிப்புக் கூடிய பிழை. யாருக்கு அதைப் பற்றி அக்கறை?

இலையுதிர் காலத்தில் பெட்டி வெடித்துப் பிளந்தது. இன்னொன்று வாங்கித் தரச் சொன்னோம். முதலாளி வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு லீட்டர் ஜக். ஷோ என்பது ஒன்று தசம் எட்டு லீட்டர். நிறைய எடுத்தால் பதினோரு கோப்பை அரிசி விழும். வினிகர் மட்டும் பழைய ஒன்றரை. ஒன்றே முக்கால் ஊற்றிப் பார்த்தீர்கள். வினிகர்ப் போத்தல் சுருக்காக முடிகிறது என்று ஏச்சு விழுந்தது. ஜக்கில் பத்துக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி, நின்ற மட்டத்தில் நீல டேப் ஒட்டினீர்கள். அதை அவர் என் கண் முன்னால் உரித்தார். "கோடு பார்த்து நிற்க இங்கே நேரமில்லை. நிரப்பு, கொட்டு."

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜக்கின் மேலே இரண்டு விரல் இடம் விட்டு அள்ளுவீர்கள். மாடிப்படியில் முதலாளியின் காலடி கேட்கும். அவசரமாக மேலே கொஞ்சம் அரிசி போட்டு நிரப்புவீர்கள். அவர் போனதும் போட்டதைத் திரும்ப எடுப்பீர்கள். முப்பத்தைந்து வயது மனிதன், சொந்த வேலையைச் சரியாகச் செய்வதற்குக் கள்ளனைப் போல் ஒளித்தீர்கள். எனக்கு உங்கள் மேலும் கோபம் வந்தது.

"ஏன் பயப்படுறீங்கள்? தொழிற்சங்கம் இருக்கு, சட்டம் இருக்கு. நேரை சொல்லுங்கோவன்."

"நீ சொல்லலாம்மா. உன்கிட்ட இந்த நாட்டு சிவப்பு பாஸ்போர்ட் இருக்கு. இந்த வேலை போச்சுன்னா என் விசாவும் கூடவே போயிடும். வேற இடம் கிடைக்கிற வரைக்கும் நான் எங்க போய் நிக்கிறது?"

"இவ்வளவு பயந்தா பிறகேன் இதைச் செய்யிறீங்கள்? அவர் சொன்னபடி நிரப்பிப் போடுங்கோ."

"சாப்பிடறவன் என்ன பண்ணான்? பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். கை ஆடாம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

ஜப்பானில் பழைய காலத்தில் ஆயிரம் கோவைச் சேர்த்து ஒரு பேரளவு வைத்திருந்தார்களாம். ஒரு ஆள் ஒரு வருடம் உண்ணும் அரிசி அது என்று கணக்கு. பிரபுக்களின் பலத்தையே அதில்தான் அளந்தார்கள் என்று எங்கோ வாசித்துச் சொன்னேன். "அப்ப ஒரு ஆளுன்னா இவ்வளவு அரிசின்னு ஒத்துக்கிட்டாங்க. நல்ல ஆளுங்கதான்," என்றீர்கள். இந்த நகரத்தில் உங்களை எதனால் அளந்தார்கள்? எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருப்பீர்கள் என்பதால்.

தை மாதம் முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தீர்கள். வாயு என்றீர்கள். லீவு கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்றீர்கள். ஒரு காலை வேலைக்கு வரும் வழியில் அம்மருட் நிலைய மேடையில் விழுந்தீர்கள். பனி தள்ளிக்கொண்டிருந்தவர்தான் முதலில் ஓடிவந்தாராம்.

உங்களுக்குப் பிறகு வந்தவருக்கு இரண்டு விரல் இடம் பற்றித் தெரியாது. நான் இருக்கும் நாட்களில் சொன்னேன். படிப்பு இருக்கும் நாட்களில் நான் அங்கே இல்லை. அந்த நாட்களில் அவர் முதலாளி சொன்னபடி நிரப்பினார்.

நேற்று முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் உயர்த்தவில்லை. "நம்முடைய லில்லெஸ்ட்ரோம் கடையில் துப்புரவு செய்வது உன் அம்மாதானே? நல்ல மனுஷி. நாளைக்கு யோசித்துப் பேசு." சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தால் பயம் வராது என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "செத்த மனிசனுக்கு இனி என்ன வரப்போகுது, பிள்ளை? இருக்கிறவையைப் பார்," என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய முழங்கால் இன்னொரு புது இடத்தைத் தாங்காது.

ஆனால் முந்தாநாள் உங்கள் மனைவி ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் அறைத் தோழர் வழியாகச் செய்தி போயிருக்கிறது. "அவரு குடுத்த அளவாலதான் ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாமே? நெசமா தங்கச்சி? பையன் கேக்குறான், அப்பா என்ன பண்ணாருன்னு." நான் இல்லை என்றேன். "அப்ப அதை அங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே," என்றார்.

இந்தக் கேள்வியை அம்மாவிடமும் சொன்னேன். சற்று முன் பாணில் வெண்ணெய் தடவிக் கட்டித் தந்தபோது, "சாப்பிட்டுட்டுப் போய்ச் சொல்லு. வெறும் வயித்தோடை போனா நாக்கு குழறும்," என்றார்.

நான் நீளமாகப் பேசப் போவதில்லை. பேசினால் முதலாளி என்னைவிட நன்றாகப் பேசுவார். ஜக்கை மேசையில் வைப்பேன். இந்தக் கோப்பையால் பத்து முறை தண்ணீர் ஊற்றுவேன். மட்டம் எங்கே நிற்கிறது என்று பரிசோதகர் பார்க்கட்டும். அந்த உயரத்தில் டேப்பின் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அதற்கு மேலே இரண்டு விரல் வெற்றிடம். அதைத்தான் நீங்கள் ஒவ்வொரு நாளும் ஒளித்து ஒளித்துக் காத்தீர்கள்.

பயம் போகவில்லை, அண்ணா. என்னோடு ரயிலில் ஏறப்போகிறது, சமையலறைக்குள்ளும் வரப்போகிறது. வரட்டும். கோப்பையைப் பிடிக்கும் கை மட்டும் ஆடாமல் பார்த்துக்கொள்கிறேன்.