ஏர்போர்ட் டிரிப்பும் கோமதியின் மசாலாவும்

8-9, திங்கள்

காலையிலேயே வெக்கை. ஒரு இலை அசையல.

இத எழுத வெக்கமாத்தான் இருக்கு. டிரிப் நோட்டோட பின்பக்கத்த யாரு பாக்கப் போறா. இருபது வருசமா மதுரை ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டுதேன். இன்னும் பிளேன்ல ஏறினது இல்ல. ஸ்டாண்டுல எல்லார்ட்டயும் ரெண்டு தடவ போயிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். சன்னல் சீட்டுன்னு வேற.

நாளைய டிரிப்: கரிவலம் ஜெபராணி. நர்சு. துபாய்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. மொதத் தடவ. கூட புருசன் தங்கராசு. தென்னையிலருந்து விழுந்து இடுப்பு போனவன், ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது. பிள்ளை ஒண்ணு, மூணாங்கிளாஸ். மூணு பேரு சோறும் இனி ஜெபராணி கையிலதான்.

மறக்கக் கூடாதது:
டயர் காத்து.
பின் சீட்டுக்குத் துண்டு (அழுவாங்க).
கோமதி மசாலா.

துபாய்ல என் வீட்டுக்காரி கோமதிக்கு ஒரு தம்பி, குமாரு. இங்கனருந்து யார் போனாலும் பொட்டலம் கொடுத்து விடணும். நம்ம பக்கம் அது வழக்கம். ஒருத்தர் கிளம்பினா தெருவே பையோட வந்து நிக்கும். முறுக்கு, கருவாடு, ஊறுகாய். நான் ஏர்போர்ட் டிரைவர்லா, எங்க வீட்டுப் பொட்டலத்துக்கு மட்டும் க்யூ கிடையாது.

"ரெண்டு கிலோ கறி மசாலா. உடைக்காமக் கொண்டு போங்க."
"மசாலா எப்படிட்டி உடையும்?"
"உங்க கைக்கு இரும்பே உடையும்."

9-9, செவ்வாய், சாயங்காலம்

வரிசையா எழுதினாத்தான் எனக்கே புரியும்.

5 மணிக்கு கரிவலம். பெட்டி ஒண்ணு, கைப்பை ஒண்ணு. தூங்குத பிள்ளைய பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஏறினா ஜெபராணி. ராஜபாளையம் வரைக்கும் அழுகை. நமக்கு அது ஆகாது.

"ஏ தாயி, ரொம்ப அழுதா மூஞ்சி வீங்கிரும். பாஸ்போர்ட்டு போட்டோ வேற, ஆளு வேறன்னு திருப்பி அனுப்பிருவான்."

சிரிச்சிட்டா. தங்கராசு சிரிக்கல.

"மேல போகும்போது எப்படி இருக்கும் அண்ணாச்சி?"ன்னா அவ.
"திருவேங்கடம் டவுன் பஸ்ஸ விட ஆட்டம் கம்மி. காது மட்டும் அடைக்கும்."

காது அடைக்கிறது கடையநல்லூர் காதர் சொன்னது. அவனும் என்னைய மாதிரி டிரைவர்தான். ஆனா நெசமாவே போயிட்டு வந்தவன்.

திருமங்கலம் தாண்டினதும் ஏர்போர்ட் கதைய எடுத்து விட்டேன். நான் மொதல்ல வந்தப்ப அது சின்னக் கட்டடம். மெட்ராஸ் பிளேன் வரும், போகும். வளைகுடா போறவங்கள திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் கொண்டு போயி விடுவோம். பெறகு கண்ணாடிக் கட்டடம் வந்துச்சு. கொழும்பு பிளேன் வந்துச்சு. துபாய் பிளேன் வந்துச்சு. அப்பல்லாம் ஒருத்தர் போக ஒரு வேன் ஆளு வரும். மாலை, சால்வை, புளியோதரை. பிள்ளைக எல்லாம் கம்பி வேலியப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். போறவரு கோட்டு போட்டு வேர்த்து வழிவாரு. இப்ப லுங்கியத் தவிர எல்லாத்துலயும் போறாங்க. கூட ஒரு ஆளு வந்தா பெருசு. சனம் பத்து மடங்கு கூடியிருக்கு, அழுகைதான் குறைஞ்சிருக்கு. நீதான் தாயி பழைய கணக்க நேர் பண்ணுதேன்னு சொன்னேன். மறுபடி சிரிச்சா.

டெர்மினல் வாசல்ல நிக்க விட மாட்டாங்க. பின்னால விசில். அந்த அவசரத்துல அவ பெட்டி ஜிப்பத் திறந்து மசாலாவத் திணிச்சேன்.

"இது என்ன அண்ணாச்சி?"
"வெறும் மசாலா பிள்ளே. என் மச்சினன் வந்து வாங்கிக்கிடுவான்."
"அங்க கேட்டா என்ன சொல்ல?"
"வீட்டு மசாலான்னு சொல்லு. மோந்து பாத்தா அவனே சோறு கேப்பான்."

தங்கராசு அங்கனயே நின்னுட்டான். அவன் அக்கா வீடு திருமங்கலத்துல, நாளைக்கு பஸ்ல வாரேன்னான். நான் வெளிய வந்து ரிட்டர்ன் ஆளு கிடைக்குமான்னு உச்சி வரைக்கும் காத்துக் கிடந்தேன். கிடைக்கல. துபாய் பிளேன் தலைக்கு மேல போச்சு. டாட்டா காட்டினேன்.

ராஜபாளையம் டீக்கடை. காதர் நின்னுக்கிட்டிருந்தான். பேச்சு வாக்குல மசாலா சங்கதியச் சொன்னேன். டீ கிளாஸக் கீழ வச்சிட்டான்.

"என்ன மசாலா வே?"
"கறி மசாலா."
"கசகசா போட்டதா?"
"எனக்கென்னவே தெரியும்? திங்கத்தான் தெரியும்."
"அங்க கசகசா கஞ்சா மாதிரி வே! எங்க தெருக்காரரு பிரியாணி சாமானோட மாட்டி, வெளிய வர எத்தன மாசம் ஆச்சு தெரியுமா?"

நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல.

கோமதிக்கு போன் போட்டேன்.
"மசாலாவுல கசகசா போட்டியாட்டி?"
"பெறகு? போடாம குழம்பு எப்படிக் கெட்டியா வரும்? ஒரு கைக்கு ரெண்டு கையாப் போட்டேன், தம்பிக்குப் பிடிக்கும்னு."

ஜெபராணி போன் சுவிட்ச் ஆஃப். வாட்ஸப்புல பேசி அனுப்பினேன்: "தாயி, இறங்கினதும் அந்தப் பொட்டலத்த எடுத்து குப்பையில போட்ரு." ஒரு டிக். பெறகுதான் மண்டையில ஏறுச்சு, பெட்டி அவ கையிலயா இருக்கும், பிளேன் வயித்துலல்லா இருக்கும்.

குமாருக்கு போன். டூட்டி முடிஞ்சு ஏர்போர்ட்டுக்கு ஓடியிருக்கான். நர்சு யாரையும் காணோம்ங்கான். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கான். நான் கேட்டு வைக்கல. வர்ற வழியெல்லாம் வாய் பேசினேன், இத ஒண்ணக் கேக்கல.

10-9, புதன்

மேகம். மழை இல்ல. ஒரு டிக்.

காலையில டிரிப் வேண்டாம்னுட்டேன். ஸ்டாண்டுல, "என்ன வே, முருகையா வாயில சைலன்ஸர் மாட்டியாச்சா?"ன்னாங்க. பதில் சொல்லல. அதுல அவனுக பயந்துட்டானுக.

கோமதி சாமி ரூம்லயே இருக்கா. சோறு பொங்கினா, ரெண்டு பேரும் அதப் பாத்துக்கிட்டு இருந்தோம்.

11 மணிக்கு தங்கராசு போன்.

"அண்ணாச்சி, அவ இன்னும் பேசல. நீங்க பிளேன்ல போனவுகளாச்சே, இறங்கி வெளிய வர எவ்வளவு நேரம் ஆவும்?"

என்ன சொல்ல. "கூட்டமா இருந்தா ஆவும்"னேன்.
"ஒரு நாளா ஆவும்?"
"சிம்மு கிடைச்சிருக்காது தங்கராசு."

மசாலாவப் பத்திச் சொல்ல வாயத் திறந்தேன். இருமல்தான் வந்துச்சு. வச்சிட்டேன். ஊரு பூராம் கேலி பேசுத வாயி, ஒரு உண்மை சொல்ல வரல.

மத்தியானம் ஒரு டிக்.
அஞ்சு மணி ஒரு டிக்.
காதர் போன் பண்ணி, "புருசன்ட்ட சொல்லிரு வே, நாளைக்கு வேற ஆளு மூலமாத் தெரிஞ்சா செத்த"ன்னான். சரிதான்.

11-9, வியாழன்

வெயில். காலையிலேயே கரிவலம் போயிட்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போயாச்சு. தங்கராசு மட்டும், இடுப்புப் பெல்ட்டோட. சேர் எடுத்துப் போட வந்தான், நானே எடுத்துக்கிட்டேன்.

ஒரே மூச்சுல சொன்னேன். நான் திணிச்சது, கசகசா, காதர் சொன்னது, எல்லாம். அவன் மூஞ்சியப் பாக்கல. தரையப் பாத்துச் சொன்னேன்.

அவன் உள்ள போனான். அருவாள எடுத்துட்டு வருவான்னு நெனச்சேன். பிளாஸ்டிக் கவரோட வந்தான். கோமதி மசாலா. பாதி காலி.

"பெட்டி எடை கூடிப்போச்சு அண்ணாச்சி. ரெண்டு கிலோ எடுக்கணும்னுட்டாங்க. இது நம்ம சாமான் இல்லன்னு மொதல்ல இதத்தான் எடுத்துட்டு ஓடி வந்தா. கண்ணாடிக் கதவுல நின்னு என் கையில கொடுத்துட்டுப் போனா. அக்கா பிரிச்சுக் கறி வச்சிட்டா. உங்களுக்கு எப்படிச் சொல்லன்னுதான் சங்கடமா இருந்துச்சு."

கவர வாங்கி மோந்து பாத்தேன்.

"அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்லா"ன்னான். பெறகு குரல் மாறிப்போச்சு. "எடை கூடாம இருந்திருந்தா? அவ ஜெயிலுக்குள்ள போயிருந்தா, நானும் என் பிள்ளையும் எங்க போயி நிப்போம் அண்ணாச்சி? கேலி பேசிக்கிட்டே திணிச்சீகள்லா."

இனிமே யார் பெட்டியிலயும் கை வைக்க மாட்டேன்னேன். கேட்டுக்கிட்டான். நம்பினானான்னு தெரியல.

"மசாலா பிரச்சினை இல்லன்னா அவ ஏன் பேசல?"ன்னு அவனே கேட்டான். அந்தப் பயம் அப்படியே கிடக்கு. ரெண்டு பேரும் ஒரு போனப் பாத்துக்கிட்டு ஒரு மணி நேரம். வரல. குமார மறுபடி தேடச் சொல்லுதேன்னுட்டு எந்திரிச்சேன்.

வண்டிய எடுத்தேன். ரிவர்ஸ். அவன் பின்னால நின்னு, "வரட்டும், வரட்டும்"ங்கான். அப்ப போன் அடிச்சுச்சு. காதுல வச்சான்.

"ஏட்டி! எங்கட்டி இருந்த? சிம்மா? ரெண்டு நாளாவா சிம்மு வாங்குவ?" அழுதுக்கிட்டே கத்துதான். "அண்ணாச்சி, அவதான்! நல்லா இருக்காளாம்! அவதான்!"

நான் அவனப் பாத்தேன். கண்ணாடியப் பாக்கல, வண்டி பின்னால போயிக்கிட்டே இருந்துச்சு.

அவங்க வீட்டுக் குளியலறைச் சுவரு பாதி விழுந்துட்டு. உள்ள ஆளு இல்ல. ஒரு வாளி நசுங்குச்சு. சனிக்கிழமை கொத்தனார் வாராரு.