என் கையால் செத்த டிரான்சிஸ்டர்

அன்பு அண்ணா,

அன்பு என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. இன்றைக்கு உன்மேல் எனக்கு இருப்பது ஆத்திரம்தான். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

மஞ்சள் காமாலை உன்னை ஆனியில் கொண்டுபோனது. இப்போது சிவகாசியில் தீபாவளி சீசன், லாரி லாரியாகப் பட்டாசு லோடு போகிறது. நம் வீட்டில்தான் சத்தமே இல்லை. நீ பாதியில் விட்டுப்போன டிரான்சிஸ்டர் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏட்டி எஸ்தரு, அவன் கடைசியாத் தொட்ட பெட்டி இது. ஒரு தடவ பேசிட்டாப் போதும்ட்டி எனக்கு. நீயுந்தான அவன்கூட ரேடியோ கட்டுனவ?”

நானும்தானா? அதை நீயல்லவா சொல்ல வேண்டும்?

வால்வு ரேடியோ கட்டிய நாளில் காயில் என்கிற கம்பிச் சுருளைச் சுற்றியது யார்? பட்டாசுக் கம்பெனிக்கு வெடிக்குழாய் உருட்டிப் பழகிய கை என்னுடையது. மற்ற ஊர்க்காரர்கள் காயிலுக்குக் குழாய் தேடி அலைந்தபோது நமக்கு நம் நாரணாபுரத்தில் வெடிக்கு உருட்டும் காகிதக் குழாயே போதுமாயிருந்தது. அதன்மேல் செப்புக் கம்பியை ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்றித் தருவேன். நான் டீச்சர் டிரெயினிங் போயிருந்தபோது நீயே ஒன்று சுற்றினாயே, நினைவிருக்கிறதா? வெடிமருந்து அடைத்து உதறிப்போட்ட பழைய குழாயை எடுத்துச் சுற்றிவிட்டாய். ஐப்பசி மழை வந்ததும் ரேடியோ கடுகு மாதிரி பொரிந்தது. வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாய். லீவுக்கு வந்த நான் குழாயை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. குழாயில் ஒட்டியிருந்த வெடியுப்பு மழை ஈரத்தை இழுத்திருந்தது.

“நீ இல்லாம நம்ம வீட்ல ரேடியோ கெடையாதுட்டி” என்று வயிறு குலுங்கச் சிரித்தாய்.

அதே வாய்தான் பிறகு வேறு பேசியது. மதுரையிலிருந்து புளியங்கொட்டை அளவில், மூன்று கால் வைத்த அந்தச் சனியனை, டிரான்சிஸ்டரை, வாங்கிவந்தாய். “காயில்கூட ரெடிமேடா வந்துருச்சு. இனி உனக்கு இங்கன வேலையில்ல” என்றாய். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்! வால்வு உயிரோடிருந்தால் சிவப்பாக எரியும், கண்ணால் பார்க்கலாம். செத்தால் பிடுங்கிவிட்டு வேறு மாட்டலாம். இது இருக்கிறதா போய்விட்டதா என்று பெற்றவனுக்கும் தெரியாது. அதற்காகவா என்னை ஒதுக்கினாய்? நீயும் உன் சிநேகிதன் தாசும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். காப்பியைக்கூட வாசலோடு வாங்கிக்கொண்டாய்.

போன சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். பற்றவைக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான் பாக்கி. வால்வு ரேடியோவில் நீ எனக்கு ஓதிய வேதம் ஒன்றுதானே? ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயனை அவசரப்பட்டு எடுக்காதே, ஈயம் தண்ணீராக ஓடிப் பளபளக்கட்டும் என்பாய். அப்படியே வைத்தேன். ஈயம் அழகாகத்தான் ஓடியது. பெட்டி பேசவில்லை.

தாஸ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“ஐயோ டீச்சர், இம்புட்டு நேரமா வச்சீக? சூடு ஏறுனா செத்துருமே! அதோட காலை மூக்குக் குறடால கவ்விப் பிடிச்சுக்கிட்டு, சட்டுனு வச்சு எடுக்கணும். சூட்டைக் குறடு வாங்கிக்கிடும். அண்ணன் சொல்லலையா?”

“சொல்லல” என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் உன்னை நான் வெறுத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

தாஸ் தயங்கித் தயங்கித்தான் மற்றதைச் சொன்னான். “அவனும் ரெண்டு மூணச் சுட்டுட்டான் டீச்சர். அதான் கதவைச் சாத்துனது. எஸ்தரு பாத்தா சிரிப்பான்னு சொல்லுவான்.”

அட மடையா! சிரித்திருப்பேன்தான். சிரித்து முடித்ததும் குறடைப் பிடித்துத் தந்திருப்பேன். உனக்கு அயன் பிடிக்க ஒரு கை, ஈயம் பிடிக்க ஒரு கை, குறடு பிடிக்க மூன்றாவதாக ஒரு கை வேண்டியிருந்தது. பக்கத்து அறையில்தானே இருந்தேன்? ஒரு குரல் கொடுத்தால் என்ன குறைந்துபோயிருக்கும் உனக்கு?

தாஸ் வேறொரு டிரான்சிஸ்டர் கொண்டுவந்து தந்திருக்கிறான். நாளை கோயிலிலிருந்து வந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பற்றவைக்கப் போகிறேன். இதுவும் செத்தால் இன்னொன்று வாங்குவேன். அதுவும் செத்தால் இன்னொன்று. அந்தப் பெட்டி பேசுவதை அம்மா கேட்கும்வரை விடமாட்டேன், இது சத்தியம்.

அது பேசியதும் அம்மா உன் பேரைச் சொல்லி அழுவாள். அழட்டும். நான் மட்டும் உன்னை மன்னிக்கப் போவதில்லை. மன்னித்துவிட்டால் உன்னோடு பேச எனக்கு வேறென்ன இருக்கிறது, அண்ணா?

இன்னும் சண்டை முடியாத
உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்